வடசென்னையில் இரண்டு நாள்: எதை எந்த நேரத்தில் பார்ப்பது, வாங்குவது, சாப்பிடுவது

வடசென்னையைச் சுற்ற வருகிறவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பாரிமுனையில் வந்து இறங்குகிறார்கள். மொத்த வியாபாரத் தெருக்களில் அன்றைக்குப் பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். அதே ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு மீன் சந்தையில் கால் வைக்க இடமிருக்காது. இங்கே எந்த இடமும் எல்லா நேரத்திலும் திறந்திருப்பதில்லை, அதனால் வரைபடத்தைவிடக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். சனிக்கிழமை ஜார்ஜ் டவுனும் சவுகார்பேட்டையும். ஞாயிறு காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் அலைச்சல் பாதி குறையும்.

சொந்தக் காரில் வராதீர்கள். நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது போய்விடும். மெட்ரோவின் நீல வழித்தடம் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, உயர் நீதிமன்றம், மண்ணடி, சர் தியாகராயா கல்லூரி, திருவொற்றியூர் தேரடி என்ற நான்கு நிலையங்களே இந்த இரண்டு நாளுக்கும் போதும். தங்குவதற்குப் பெரியமேடு வசதி: லாட்ஜுகள் நிறைய, சென்ட்ரல் பக்கத்திலேயே. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாரிமுனைச் சந்துகளில் தண்ணீர் நிற்கும். துணி மூட்டையோடு அதில் நடப்பது தண்டனை.

சனிக்கிழமை

கடைகள் பத்து, பத்தரைக்குத்தான் திறக்கும். அதற்குமுன் கோயிலையும் சர்ச்சையும் முடித்துக்கொள்ளலாம். மண்ணடியில் இறங்கி தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கு எட்டு மணிவாக்கில் போனால் கூட்டம் இருக்காது. 1677 அக்டோபரில் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வழிபட்டதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. அங்கிருந்து நடந்தே அரண்மனைக்காரன் தெருவிலுள்ள ஆர்மீனியன் சர்ச்சுக்குப் போகலாம். 1712இல் கட்டி, 1772இல் திரும்ப எழுப்பிய கோயில் இது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை இந்த வளாகத்திலேயே இருக்கிறது. பிற்பகலில் போனால் கேட் சாத்தியிருக்கும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இனி கடைத்தெரு. எல்லாத் தெருவிலும் எல்லாமும் தேடினால் கால்தான் வலிக்கும். மீட்டர் துணிக்கு கோடவுன் தெரு. கல்யாணப் பத்திரிகை, காகிதம், நோட்டுப் புத்தகத்துக்கு ஆண்டர்சன் தெரு. பொம்மை, ஃபேன்சி சாமான், பைகளுக்கு காசி செட்டித் தெருவும் நாராயண முதலித் தெருவும். முந்திரி, திராட்சை, மசாலா சாமானுக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெரு. மூக்குக் கண்ணாடிக் கடைகளும் நகைக் கடைகளும் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில். ஒரு நாளில் இரண்டு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது பேராசை.

கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள். "சில்லறையா தருவீங்களா?" என்று முதலில் கேளுங்கள். பல கடைகளில் டஜன், பெட்டி, செட் என்றுதான் விற்பார்கள். ஒன்றே ஒன்று கேட்டால் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்க மாட்டார்கள். கோபித்துப் பயனில்லை, அவர்கள் கணக்கு அப்படி. நாலு குடும்பமாகச் சேர்ந்து வந்தால் ஒரு டஜனைப் பிரித்துக்கொள்ளலாம். மொத்த விலையின் லாபம் அப்போதுதான் கைக்கு வரும்.

கோடவுன் தெருவில் துணி எடுக்கும்போது பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, கேட்டுவிட்டு மீட்டரைச் சொல்லுங்கள். 58 அங்குலப் பன்னா என்றால் சட்டைக்கு 1.6 மீட்டர் போதும். 36 அங்குலம் என்றால் 2.25 முதல் 2.5 மீட்டர் வரை வேண்டும். இதைக் கேட்காமல் வாங்கிப்போய், தையல்காரர் "கை வராதே" என்று சொல்லும்போது முழிப்பவர்கள் ஏராளம். பருத்தி என்றால் முதல் சலவையில் சுருங்கும், பத்து சென்டிமீட்டர் கூட்டி வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் வெட்டுவதற்கு முன்பே துணியை விரித்து வெளிச்சத்தில் காட்டச் சொல்லி, நூல் விட்ட இடமும் சாயம் ஏறாத கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். டியூப்லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது நல்லது.

கனமான மூட்டையை நீங்களே சுமக்க வேண்டாம். கூலிக்குத் தூக்குபவர்களும் மீன்பாடி வண்டி எனும் மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்காரர்களும் இருக்கிறார்கள். எதுவரை, எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொரு விஷயம்: கடைத்தெருவில் கழிப்பறை தேடுவது பெரிய பாடு, பெண்களுக்கு இன்னும் சிரமம். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றுங்கள்.

மதியத்துக்கு மேல் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான கடை வரிசை. எலக்ட்ரானிக் சாமான் வாங்கினால் பில்லும் வாரண்டியும் எதிர்பார்க்காதீர்கள், அங்கேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெயர்போன கம்பெனியின் சென்ட்டு கால் விலைக்குக் கிடைத்தால் அது அந்தக் கம்பெனியின் சரக்கல்ல. பஜார் இப்போதெல்லாம் பழைய மவுசோடு இல்லை. வேடிக்கை பார்க்க அரை மணி போதும்.

அங்கே போவதற்கு உண்மையான காரணம் பின்னாலிருக்கும் செகண்ட் லைன் பீச் ரோட்டின் அத்தோ கடைகள். அத்தோ என்பது பர்மிய நூடுல்ஸ். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். அடுப்பில் வதக்கியும் கிடைக்கும், ஆனால் வதக்கினால் கோஸின் நறநறப்பும் புளியின் துள்ளலும் போய்விடும். பிசைந்ததையே கேளுங்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைவதற்கு முன்பே சொல்ல வேண்டும், பிறகு வழியில்லை. கூடவே வாழைத்தண்டு சூப் வரும். முட்டை மசாலா என்பது அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் பூண்டு எண்ணெயும் திணித்தது. முழுதாக வாயில் போட வேண்டும், கடித்துத் தின்றால் பாதி சட்டையில். இரண்டு பேருக்கு ஒரு அத்தோ போதும். ராத்திரிக்கு வயிற்றில் இடம் வேண்டும்.

ஐந்து மணிக்கு ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். வள்ளலார் சிறுவயதில் பாடி வணங்கிய முருகன். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் சவுகார்பேட்டையின் தங்கசாலைத் தெரு விழித்துக்கொண்டிருக்கும். முதலில் பானி பூரியோ கச்சோரியோ, எண்ணெய்ச் சட்டி பொங்கிக்கொண்டிருக்கிற கடையில். பிறகு முறுக்கு சாண்ட்விச். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடை இட்லி, ஊத்தப்பம். பொடியும் நெய்யும் வழிய வரும், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இனிப்புக்குத் தங்கசாலைத் தெரு காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபி. சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் தின்னுங்கள். பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுபோனால் மறுநாள் நமத்துப்போகும். பாதாம் பால் கடைசியில்தான். முதலிலேயே குடித்தால் அதோடு சாப்பாடு முடிந்தது. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் "ஜெயின்" என்று சொன்னால் போதும், பல கடைகளில் புரிந்துகொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

விடியற்காலை ஐந்து மணிக்குக் காசிமேட்டில் இருக்க வேண்டும். ஆட்டோவை முந்தின இரவே பேசிவையுங்கள். ரப்பர் செருப்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டக்கூடிய உடை. தரை முழுக்க மீன் தண்ணீர், ஷூ நனைந்தால் வாசனை ஒரு வாரத்துக்கு விடாது. கூடை கூடையாக ஏலம் போவதை ஓரமாக நின்று பாருங்கள். கூடை தூக்கி வருபவர் "வழி, வழி" என்றால் உடனே ஒதுங்குங்கள், அவரால் நிற்க முடியாது. படம் எடுக்கும் முன் மீன்கார அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

சமைக்க வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஃபைபர் படகு மீன் அன்றன்றைக்குப் பிடித்தது. விசைப்படகு நாள்கணக்கில் கடலில் தங்கி ஐஸில் வைத்துக் கொண்டுவரும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. இறாலில் தலை கறுத்திருந்தால் பழசு. கடம்பா (கணவாய்) வெளுத்துப் பளபளக்க வேண்டும், இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், உருவத்துக்கேற்ற கனம் இல்லாவிட்டால் உள்ளே சதை இல்லை. சுத்தம் செய்தால் எடை நன்றாகவே குறையும் என்பதால் அதையும் கணக்கிட்டு வாங்குங்கள். வெட்டுக்கூலி தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் போகாது, வரத்துக் குறையும், வஞ்சிரத்தின் விலை கேட்கவே வேண்டாம்.

அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம் கிட்டத்தில்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. தூண்கள் நிற்கும் முகப்பைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அரசியல் வரலாற்றில் நாட்டமிருந்தால் 1949 செப்டம்பரில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவையும் எட்டிப் பார்க்கலாம்.

லாட்ஜுக்குத் திரும்பிக் குளித்துவிட்டு, மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. பதினோரு மணிக்குள் சேர்ந்தாக வேண்டும். நடுப்பகலில் கோயில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். ஆண்டு முழுக்கக் கவசம் சாத்தியிருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமின்றிக் காணலாம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம், கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி. பௌர்ணமி நாளில் மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், முல்லைவாயல் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கூட்டம் திரளும். வேண்டுதல் இல்லாதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு மாலை நாலுக்கு மேல் சர் தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்கி எம்.சி. ரோடு. ஞாயிறன்றும் கடைகள் உண்டு. நைட்டி, குழந்தைகள் உடுப்பு, சுடிதார், சேலை எல்லாம் கையைக் கடிக்காத விலையில். போட்டுப் பார்க்க அறை பல கடைகளில் இராது. அதனால் வீட்டிலிருந்து நன்றாகப் பொருந்துகிற ஒரு உடுப்பை எடுத்துவந்து அதன்மேல் வைத்து அளந்து பாருங்கள்; லேபிளில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். நடைபாதைக் கடையில் பேரம் பேசலாம், "ஒரே விலை" என்று எழுதிய கடையில் வாய் வலிப்பதுதான் மிச்சம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் சின்னக் குழந்தைகளோடு அங்கே போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.