மார்கழிக் குளிரிலும் தண்ணீரை மறக்காதீர்கள்

மார்கழி, தை மாதங்களில் தாகமே எடுக்காது, ஆனால் சிறுநீர் மட்டும் அடிக்கடி வரும். குளிரில் தோலுக்கு அருகே உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் உட்பக்கம் கூடுவதால் சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியேற்றுகிறது. தாக உணர்வும் மங்கிவிடுகிறது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பச்சைத் தண்ணீர் இறங்கவில்லையா? காலையில் 1 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சீரகம் போட்டுக் கொதிக்கவிடுங்கள். வெளிர் மஞ்சளானதும் வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அடுப்படியில் வேண்டாம், உட்கார்ந்து வேலை பார்க்கும் மேசையிலேயே. இளஞ்சூடாக இருந்தால் கை தானாகப் போகும். மதியம் சோற்றுக்குப் போக ஒரு டம்ளர் ரசம் தனியாகக் குடிக்கலாம், உப்பு மட்டும் அளவாக. டீ, காபியும் கணக்கில் சேரும்தான். சர்க்கரையோடு ஐந்தாறு டம்ளர் என்றால் அது வேறு பிரச்சினை.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று சிறுநீரின் நிறமே சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சளானால் உடனே ஒரு டம்ளர். (பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.