மலையகத்துக்கு வீடு மாறுகிறீர்களா? வாடகைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இடமாற்றம் கிடைத்து மலைக்கு ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிருக்கு இரண்டு கம்பளியும் ஒரு ஸ்வெட்டரும் போதும். ஆட்டிப்படைப்பது தண்ணீர். வீட்டுக்கு மேலே எங்கிருந்து வருகிறது, சுவருக்குள் எவ்வளவு இறங்குகிறது, கீழே எந்தக் கானில் போய் விழுகிறது என்று பார்த்துத்தான் வீடு எடுக்க வேண்டும்.

எந்தப் பக்கத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். அட்டன், மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாமல் அடிக்கும். அதே காற்று மலையைத் தாண்டியதும் ஈரம் இழந்து வெலிமடை, பண்டாரவளை வழியாகக் காய்ந்துபோய் இறங்குகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று திட்டுவது இதைத்தான். பதுளை, பண்டாரவளைக்கு நல்ல மழை வருவது டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை. ஒக்டோபர், நவம்பரில் இரு பக்கமும் பிற்பகல் இடிமழை. ஆகவே அட்டனுக்கு என்றால் பெப்ரவரி, மார்ச்சிலும், பண்டாரவளைக்கு என்றால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையிலும் சாமான் ஏற்றுவது சுகம். நுவரெலியாவுக்கு ஏப்ரலில் மட்டும் வேண்டாம். வசந்தகாலச் சனத்தில் லொறி நகராது, வாடகையும் ஏறியிருக்கும்.

வீடு பார்க்க வெயில் நாளில் போய்ப் பயனில்லை. மழை பெய்து கொண்டிருக்கும்போதோ விட்ட மறுநாள் காலையிலோ போங்கள். நேரே பின்பக்கம் செல்லுங்கள். மலையை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில்தான் அனேக வீடுகள் நிற்கின்றன. பின்னால் மண்மேடு செங்குத்தாக இருக்கும். மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் கான் இருக்கிறதா, அதில் தண்ணீர் ஓடுகிறதா தேங்குகிறதா? தடுப்புச் சுவர் இருந்தால் அதில் நீர் கசிய விட்ட குழாய்கள் திறந்திருக்க வேண்டும். அவை அடைபட்டால் சுவருக்குப் பின்னே மண் ஊறிப் பாரமாகி, சுவரையே தள்ளிவிடும். மேட்டிலுள்ள மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்திருப்பது, நிலத்தில் வளைகோடாக வெடிப்பு ஓடுவது, கதவு திடீரென்று இறுகுவது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது, வழக்கமாக பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணீர் கலங்கி வருவது எல்லாம் மண் நகர்வதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று கண்டாலும் வாடகை எவ்வளவு மலிவானாலும் திரும்பி விடுங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் (வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை இங்கு யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பல மாவட்டங்களில் சரிவுகள் இறங்கின. "இந்த இடம் நாற்பது வருசமா அசையல்ல" என்ற பேச்சை அதற்குப் பிறகு அப்படியே நம்ப முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் அந்த இடத்தைச் சொல்லி, அபாய வலயத்தில் விழுகிறதா என்று கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த அறையில் பூஞ்சண மணம் வந்தால் பெயின்ட் அதை மறைக்கத்தான். அலுமாரியின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். படுக்கையறைக்குக் கிழக்கு ஜன்னல் வேண்டும். பிற்பகலில் முகில் மூடுவதால் இங்கு நம்பத்தக்க வெயில் காலை வெயில்தான். தகரக் கூரை என்றால் சீலிங் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் தகரத்தின் அடியில் ஆவி குளிர்ந்து கட்டிலில் சொட்டும், மழை இரைச்சலில் தொலைபேசியும் பேச முடியாது. உடுப்புக் காயப்போடக் கூரையுள்ள விறாந்தை இல்லாத வீடு, குழந்தை உள்ளவர்களுக்குச் சரிவராது.

ஒப்பந்தத்தில் அலட்சியம் வேண்டாம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளை நம்பி ஒரு வருட அட்வான்ஸ் கொடுப்பது தண்ணீரில் எழுதுவது போல. நுவரெலியாவில், ஏப்ரல் மாதமும் வீடு உங்களுக்கே என்பதைத் தனி வரியாக எழுத வையுங்கள். அந்த மாதம் விருந்தினருக்கு விடலாம் என்று கணக்குப் போடும் வீட்டுக்காரர்கள் உண்டு. தோட்டத்து வீடு அல்லது லயக்காம்பரா என்றால், தருகிறவரிடம் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாமல் இருக்கலாம். தோட்ட நிர்வாகத்தின் சம்மதமில்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மின்பட்டியலில் பழைய பாக்கி இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

சாமான் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது லொறியின் நீளம். பதினான்கரை அடி லொறி பிரதான வீதியில் வரும்; தோட்டப் பாதையின் கொண்டை வளைவில் திரும்பாது. வீட்டுக்காரரிடம் "கடைசியாக எந்த லொறி வீட்டு வாசல் வரை வந்தது?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் சந்தியில் இறக்கி 'பட்டா' எனும் சிறிய லொறியில் இரண்டு மூன்று நடையாக ஏற்ற முன்கூட்டியே பேசி வையுங்கள். விடிய நான்கு மணிக்கு முன் புறப்பட்டால் கொழும்பிலிருந்து வருகிறவர் பிற்பகல் மழைக்கும் மூடுபனிக்கும் முன் இறக்கி முடிக்கலாம். டிசெம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். வார இறுதியில் அட்டன் – மஸ்கெலியாப் பாதையைத் தவிருங்கள். மெத்தையைப் பொலித்தீனில் சுற்றி, மேலே படங்கு போடுங்கள். பிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டு வாருங்கள். ஏற்றத்தில் சரிய நேர்ந்திருந்தால், இறக்கி வைத்து நான்கைந்து மணிநேரம் கழித்து இயக்குங்கள். கொம்பிரசரின் எண்ணெய் கீழிறங்க அவ்வளவு நேரம் தேவை.

வந்த முதல் வாரத்தில் ஹீட்டர் பொருத்தத் தோன்றும். அதற்கு முன் ஒரு கணக்கு. 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரில் நான்கு பேர் தலா பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.3 யூனிட், மாதத்துக்கு ஏறத்தாழ 70. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கான மலிவு விலையும் கைவிட்டுப் போகும். ஆக, குளியல் ஒன்றே உங்களை அடுத்த படிக்கு ஏற்றிவிடும். இன்னொன்று, 3.5 கிலோவாட் நிமிடத்துக்கு இரண்டரை லீட்டர் தண்ணீரைத்தான் 20 பாகை சூடேற்றும். 'ஹீட்டர் சுடுதில்ல' என்ற முறைப்பாட்டில் பெரும்பாலும் பழுது ஏதுமில்லை, குழாயை முழுக்கத் திறந்திருப்பார்கள். அது 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண பிளக்கில் கொழுவாமல் மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் சரிபார்த்து, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காயாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு மணக்காது, தூக்கத்திலேயே கொல்லும்.

1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பும் கடலையும் ஊரில் வெந்த நேரத்தில் வேகாது. இரவே ஊறப்போட்டு, பிரஷர் குக்கரில் வையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஈரச் சுவரோடு ஒட்டினால் பட்டுச்சேலையில்தான் முதலில் பூஞ்சணம் பூக்கும்.

கடதாசி வேலைகளில் கிராம சேவகரிடம் பதிவதே முதலாவது. வாக்காளர் இடாப்பு, வதிவிடச் சான்று, அடையாள அட்டை முகவரி மாற்றம் எல்லாம் அவர் வழியாகவே போகும். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க விரும்பினால் இடாப்பில் பெயர் இருந்த வருடங்களும் பார்க்கப்படும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். வேறு வகுப்பென்றால் பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம் இல்லாமல் வர வேண்டாம். நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தாக இருந்த பிரதேச செயலகங்கள் பிரிக்கப்பட்டு விட்டதால், பழைய ஆட்கள் சொல்லும் செயலகம் உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம்.

மூலப் பத்திரங்களை ஒரு சிப் பையில் போட்டு, மருந்து, டோர்ச், பவர் பேங்கோடு கதவோரம் ஒரு பையில் தொங்க விடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும்: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற்றம். 24 மணிநேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பவை அதன் அளவுகோல். பக்கங்கள் நேரான டின் ஒன்றை முற்றத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் நீங்களே பார்க்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்பியூலன்ஸுக்கு 1990. ஒதுங்கும் இடம் பாடசாலையா கோவிலா என்று கிராம சேவகரிடம் கேட்டு, வெயில் நாளில் ஒருமுறை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். வழியில் பாலமோ ஓடையோ இருந்தால் வேறு பாதை தேட வேண்டும். சிவப்பு வரும் வேளையில் அந்த ஓடை கடக்கும் நிலையில் இருக்காது.