அக்கானி அடுப்பில் புகையைக் குறைக்க

கருப்பட்டி காய்ச்ச, பனையிலிருந்து இறக்கிய அக்கானியை, அதாவது பதநீரை, வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் வைத்துவிட வேண்டும். விறகுச் செலவு பனையில் கட்டும் கலயத்திலேயே தொடங்கிவிடுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு சரியாகப் பூசாவிட்டால் அக்கானி புளிக்கும். அதிலுள்ள சர்க்கரை உடைந்துபோகும். பிறகு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது, ஊற்றிவைக்கும் சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) பிசுபிசுவென்று கிடக்கும். எரித்த விறகெல்லாம் வீண். ஒவ்வொரு கலயத்திலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகப் புளித்தாலும் மற்றதோடு கலக்க வேண்டாம்.

எங்கள் குமரி மாவட்டத்தில் பனையேறுவது ஆண்கள், காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். என் அம்மா ஓலைச் சாய்ப்புக்குள் குனிந்தே நின்று காய்ச்சினாள். கண்ணெரிச்சலும் இருமலும் பருவம் முடிந்த பிறகும் விடவில்லை. அடுப்பை மாற்றச் சொல்வது முதலில் இந்தப் பெண்களுக்காக. விறகுக் காசு அப்புறம்தான்.

10 லிட்டர் அக்கானியில் கருப்பட்டியாகக் கிடைப்பது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மீதி பெரும்பாலும் தண்ணீர். அத்தனையும் ஆவியாகப் போக வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல், அதை ஆவியாக்க ஆகிறது. எனவே வெயிலில் சூடேற்றிவிட்டு அடுப்பில் வைக்கலாம் என்ற யோசனை அதிகம் உதவாது. கொதிநிலை வரைக்கும் வெயிலே கொண்டுபோனாலும் மிச்சமாவது ஒன்பதில் ஒரு பங்குதான். அதற்குள் வெதுவெதுப்பில் நிற்கும் அக்கானி புளித்தும் போகலாம்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அடுப்பின் வயிறு. மூன்று கல் அடுப்பில் எரியும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே பெரிது. விறகு தரையில் கிடக்கக்கூடாது. விரல் நுழையும் இடைவெளியில் இரும்புக் கம்பிகளைப் பதித்து அதன் மேல் எரிய வேண்டும். கம்பிக்குக் கீழே சாம்பல் குழி. காற்று அந்த வழியாக ஏறும். தாச்சி, அதாவது காய்ச்சும் பாத்திரம், அடுப்பு விளிம்பில் இடைவெளியின்றி உட்காரட்டும், ஓரத்தை மண்ணால் பூசுங்கள். தீ தாச்சியின் அடியை நக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் புகைக்குழாயில் ஏற வேண்டும். குழாய் கூரைக்கு மேலே போகட்டும். போகும் வழியில் இன்னொரு வாய் திறந்து அடுத்த முறை காய்ச்ச வேண்டிய அக்கானியை வைத்தால், வீணாகும் சூட்டிலேயே அது கொதிக்கத் தொடங்கும்.

பெருவிரல் கனத்துக்குப் பிளந்து காயவைத்த விறகு, பனைமட்டை, சிரட்டை எல்லாம் நல்லவை. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். கறுப்புப் புகை வந்தால் விறகு எரியாமலேயே குழாய் வழியாகப் போகிறது என்று பொருள்.

மின்சாரம்? 10 லிட்டரை முழுக்க மின்னடுப்பில் வற்றவைக்க ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளைக்கு 4 முதல் 5 யூனிட்தான் தரும். பெரிய அளவில் காய்ச்ச இது கட்டாது. எங்கள் மாவட்டத்து முப்பந்தல் காற்றாலைகள் வேகமெடுக்கும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அக்கானிப் பருவமும் பெரும்பாலும் முடியும் தறுவாயில் இருக்கும். ஆனால் கடைசிப் பதத்துக்கு மின்னடுப்பு அருமையானது. தீ ஏறி இறங்காது, பாகு கருகாது.

அந்தக் கடைசிப் பதத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பொங்கி வரும்போது ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். நுரை மஞ்சளாகி, குமிழிகள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கத் தொடங்கினால் தீயைத் தணியுங்கள். குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டினால் மெழுகுபோல் திரள வேண்டும். வெப்பமானி இருந்தால் 118 டிகிரி செல்சியஸ் அளவில். இறக்கிவைத்து, துடுப்பால் விடாமல் கிளறி, நனைத்த சிரட்டைகளில் ஊற்றுங்கள். தணலை வாரிக் கொட்ட வேண்டாம். பின்வாயில் கொதித்துக்கொண்டிருப்பதை முன்வாய்க்கு மாற்றி, இரண்டு மட்டையை மட்டும் தள்ளுங்கள்.