பியானோவும் ஓர்கனும் ஒரே பெட்டியில்: கொழும்பில் கீபோர்ட் வாங்கப் போகிறவர்களுக்கு

கொழும்பில் கடைக்குப் போய் ‘கீபோர்ட்’ என்று கேட்டாலும் ‘ஓர்கன்’ என்று கேட்டாலும் ஒரே பெட்டியைத்தான் இறக்கி வைப்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் கட்டைகளும் ஸ்பீக்கரும் உள்ள எதுவும் ஓர்கன்தான். அதனாலேயே, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஓர்கன் ஒலி எப்படிப்பட்டது என்று கேட்டுப் பார்க்காமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

நான் வெள்ளவத்தையில் வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய ஆலயத்தில் ஆராதனைக்கு வாசிக்கிறேன். கிழமை நாட்களில் பியானோ ஒலி, ஞாயிறுக்கு ஓர்கன் ஒலி. எனக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். கடந்த மாதம் ஒரு மாணவியின் தாயார் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, “டீச்சர், இதில் 600 சவுண்ட் இருக்கிறதாம், எடுக்கலாமா?” என்று கேட்டார். படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். சனிக்கிழமை மூவருமாகக் காலி வீதியில் 101 பஸ்ஸைப் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போனோம். அன்று கடைகளில் நான் செய்து பார்த்தவற்றையும், அவற்றைச் செய்ததன் காரணத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டச் ரெஸ்பான்ஸ். கட்டையை மெல்லத் தொட்டால் மென்மையாகவும், அழுத்தி அடித்தால் உரத்தும் ஒலிக்க வேண்டும். இது இல்லாத கீபோர்ட்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. நான் முதன்முதலில் வாங்கியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அதில் இரண்டு வருடம் பழகிவிட்டு உண்மையான பியானோவில் அமர்ந்தபோது, என் விரல்கள் எல்லாச் சுரங்களையும் ஒரே கனத்தில் அடித்தன. அந்தப் பழக்கத்தை விட எனக்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது. ஆகவே பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெயர்களைக் கவனமாகப் படியுங்கள். கசியோவின் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் 400 ஒலிகள். 300இல் டச் ரெஸ்பான்ஸ் உண்டு, 200இல் கிடையாது. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273க்கு அது இல்லை, இ373க்கு இருக்கிறது. அன்று ஒரு கடையில் 200ஐ எடுத்து வைத்துவிட்டு “300 மாதிரியேதான்” என்றார்கள். மாணவியைக் கொண்டே ஒரு கட்டையை மெல்லவும் பலமாகவும் அடிக்கச் சொன்னேன். அவளே நிமிர்ந்து பார்த்து, “ரெண்டும் ஒரே சத்தம், டீச்சர்” என்றாள்.

இனி ஒலிக்கு வருவோம். பியானோவும் ஓர்கனும் இயல்பிலேயே எதிரெதிரானவை. பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குகிறது. குழாய் ஓர்கனிலோ, கட்டையைப் பிடித்திருக்கும் வரை காற்று போய்க்கொண்டே இருக்கும். ஒலி அப்படியே நிற்கும். எவ்வளவு பலமாக அடித்தாலும் ஓர்கன் கூடுதலாக ஒலிக்காது. ஒலியளவைக் கூட்டுவதும் குறைப்பதும் காலடியில் உள்ள பெடல். ஆகவே ஒன்றைச் சோதிக்கும் முறை மற்றதற்குப் பொருந்தாது.

எதையும் தொடுவதற்கு முன்பு ரிவெர்ப் என்ற எதிரொலியை நிறுத்தச் சொல்லுங்கள். கடைகளில் அது கூட்டி வைக்கப்பட்டிருக்கும். மோசமான ஒலியையும் அது பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல மூடி மறைத்துவிடும்.

பியானோவுக்கு என் சோதனை இது. பியானோ ஒலியை வைத்து, இடது பக்கம் கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை நடுத்தர பலத்தில் அடித்து விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். நல்ல ஒலி மெல்ல மெல்ல இருண்டுகொண்டே போகும். முதலில் மினுமினுப்பு மறையும், பிறகு அடிக்குரல் மட்டும் மிஞ்சும், பிறகு அதுவும் கரையும். மலிவாகப் பதிவு செய்த ஒலி மூன்று நான்கு வினாடியில் சட்டென்று தட்டையாகிவிடும், அல்லது ஒரு சிறு துண்டே திரும்பத் திரும்ப ஓடுவது கேட்கும். அடுத்து, நடுவிலிருந்து மேலே ஒவ்வொரு கட்டையாக, கறுப்பையும் விடாமல், ஒரே பலத்தில் அடித்துக்கொண்டு போங்கள். ஓர் இடத்தில் ஒலியின் நிறம் திடீரென மாறினால், ஒரே பதிவைப் பல கட்டைகளுக்கு இழுத்து நீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மலிவு விலையில் சிறிது மாற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது பிள்ளைகள் அதிகம் வாசிக்கும் நடு ஸ்தாயியில் இருந்தால் வேண்டாம்.

பிறகு பியானோ ஒலியை நீடிக்க வைக்கும் சஸ்டெய்ன் பெடலை மிதித்துக்கொண்டு இரு கைகளாலும் நிறைய வாசித்துப் பாருங்கள். பாலிஃபோனி என்று குறிப்பிடுவது ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்க முடியும் என்பதை. 32 என்றால் பெடல் மிதித்த சற்று நேரத்திலேயே முதலில் அடித்த சுரங்கள் அறுந்து விழும். இ373இலும் சிடி-எஸ்300இலும் 48, பழகுகிறவர்களுக்குப் போதும். 64 இருந்தால் நிம்மதி.

ஓர்கனில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்று ஆலயங்களில் உள்ள குழாய் ஓர்கன். மற்றது 1935இல் வந்த ஹமண்ட் ஓர்கனின் வழிவந்த மின் ஓர்கன் ஒலி. கீபோர்ட்களில் ஜாஸ் ஓர்கன், ராக் ஓர்கன் என்ற பெயர்களில் இருக்கும்.

குழாய் ஓர்கனுக்கு, இடது கையில் ஓர் அடிச்சுரம், வலது கையில் மூன்று சுரங்கள் பிடித்துப் பத்து வினாடி அசையாமல் இருங்கள். ஒலி சுவர்போல நிற்க வேண்டும். ‘குவ், குவ்’ என்று சீராகத் துடித்தால் அது நல்ல பதிவு இல்லை. ஆராதனையில் ஒரு நீண்ட ஆமெனைப் பிடிக்கும்போது அந்தத் துடிப்பு சபை முழுவதற்கும் கேட்கும். பிறகு ஒரேயொரு விரலை மட்டும் எடுங்கள். அந்தச் சுரம் உடனே நிற்க வேண்டும், மற்ற மூன்றும் அசையக் கூடாது.

மின் ஓர்கனுக்கு உயிரே சுழலும் ஸ்பீக்கர்தான். லெஸ்லி என்ற பெட்டிக்குள் ஒலிக்கூம்பு சுற்றும்; மெதுவிலிருந்து வேகத்துக்குப் போகும்போது ஒலி படிப்படியாகச் சுழன்று எழும். மலிவான கீபோர்டில் அந்தச் சுழற்சியையும் சேர்த்தே பதிவு செய்துவிடுவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: கீழே ஒரு சுரத்தைப் பிடித்து அதிர்வைக் கேளுங்கள், பிறகு அதே ஒலியில் மேலே ஒரு சுரத்தைப் பிடியுங்கள். மேலே போகப் போக அதிர்வும் வேகமாகிறது என்றால் பதிவை இழுத்து உயர்த்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒலியில் நான்கு சுரங்களைச் சேர்த்துப் பிடித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நடுங்கும். காது வலிக்கும்.

ஹமண்டில் டிராபார் என்ற ஒன்பது சிறு தண்டுகளை இழுத்தும் தள்ளியும் ஒலியைக் கலப்பார்கள். அவற்றில் 16, 8, 4 என்று எழுதியிருப்பது குழாய் ஓர்கனில் குழாயின் நீளத்தைச் சொல்லும் அடிக்கணக்கு: 8 அடி என்றால் கட்டையின் இயல்பான சுரம், 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே. இப்படிக் கலக்கும் வசதி மலிவு கீபோர்ட்களில் அரிது. கசியோவின் பழைய சிடிகே-7200, 76 கட்டைகள் கொண்ட டபிள்யூகே-7600 இரண்டிலும் அது இருந்தது. பாவித்த பொருள்களில் நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால், ஓர்கன் முக்கியம் என்பவர்கள் தயங்க வேண்டாம்.

கட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. பியானோவுக்கு 88. ஆனால் ஓர்கனில் ஒரு வரிசைக்கு 61 கட்டைகள்தாம் வழக்கம், ஐந்து ஸ்தாயி. ஆகவே 61 கட்டை கீபோர்ட் பியானோவுக்குக் குறைவு, ஓர்கனுக்கு நிறைவு. கனமும் அப்படித்தான். சுத்தியல் பொருத்திய கனமான கட்டை பியானோ விரலை வளர்க்கும். ஓர்கன் வாசிக்கவோ லேசான கட்டைதான் வசதி. பிள்ளை பியானோவில் தரம் தரமாகப் பரீட்சை எடுக்கப் போகிறது என்றால், கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து யமஹா பி-45 போன்ற 88 கனமான கட்டைகள் உள்ளதைப் பாவித்ததாகவாவது வாங்குங்கள் என்பேன். அதில் இருப்பவை பத்தே ஒலிகள். அவற்றில் இரண்டு குழாய் ஓர்கன். 11.5 கிலோ, பற்றரியில் ஓடாது. வீட்டை விட்டு நகர்த்த வேண்டாம்.

நான் ஆலயத்துக்குத் தூக்கிச் செல்வது பாவித்ததாக வாங்கிய யமஹா என்பி-12. 61 கட்டை, பத்து ஒலிகள், 4.5 கிலோ, மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் போகலாம். ஆறு சிறிய பற்றரிகளில் ஓடும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போன நாட்களில் அந்த ஆறு பற்றரிகள்தாம் எங்கள் சபையைப் பாட வைத்தன. அன்றிலிருந்து பற்றரி இடம் இல்லாத கீபோர்டை ஆலயத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

கையில் பணம் குறைவு, ஓர்கனும் நன்றாக வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கீபோர்டின் பின்னால் கணினிக்கான யுஎஸ்பி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டையும் டச்சும் நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, ஒலியை வெளியே தேடலாம். கிராண்ட்ஓர்க் என்ற இலவச மென்பொருள், உண்மையான குழாய் ஓர்கன்களில் ஒவ்வொரு குழாயாகப் பதிவு செய்த ஒலிகளைப் பழைய மடிக்கணினியிலும் வாசிக்க வைக்கும். ஐபேட் வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்டில் டிராபாரோடு ஓர்கன் இருக்கிறது. நடுவில் ஒரு சிறிய இணைப்பு வயர் போதும்.

ஆலயத்தில் ஒலிகளைக் கலந்து பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சருக்கு இணைக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ வயரை மிக்சரின் ஒரே துளையில் சொருகிவிடுவார்கள். மிக்சர் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக உள்ளதெல்லாம் மறைந்து, பியானோ தகரம்போலக் கேட்கும். கீபோர்டில் குறை என்று எண்ணி விற்றவர்களையும் எனக்குத் தெரியும். இடது, வலது என்று இரண்டாகப் பிரியும் வயரை இரண்டு துளைகளில் சொருகினால் சரியாகிவிடும். இ373 போன்றவற்றின் 2.5 வாட் ஸ்பீக்கர்கள் இரண்டும் வீட்டறைக்குப் போதும், பாடும் சபைக்குப் போதாது என்பதால் இந்த வயர் எப்படியும் தேவைப்படும்.

கீர்த்தனைக்கு வாசிப்பவர்கள் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாடுபவர் ஐந்தரைக் கட்டை என்று சுருதி கேட்டால், பழகிய விரலமைப்பை மாற்றாமலே அங்கே போகலாம். நான்கு பொத்தான் அமுக்கித்தான் அதைத் தேட வேண்டும் என்றால் ஆராதனை நடுவில் உதவாது.

விலையைப் பொறுத்தவரை பழைய ஞாபகத்தை நம்ப வேண்டாம். 2022இல் டொலர் சில வாரங்களிலேயே 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது; அதற்கு முன் யாரோ வாங்கிய விலை இன்றைக்கு எதற்கும் பயன்படாது. ஒரே நாளில் மூன்று இடங்களில் கேளுங்கள். அடாப்டர், பெடல், ஸ்டாண்ட் விலையில் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பாவித்ததை வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பி வோல்ட் எவ்வளவு என்று படிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஜப்பானிலிருந்து வரும் பொருள்கள் 100 வோல்ட்டுக்கானவை. நமது மின்சாரம் 230. என் அயலவர் ஒருவர் அப்படி வந்த அழகான ஒரு டிஜிட்டல் பியானோவை நேராகச் சுவரில் சொருகினார். ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. தகுந்த டிரான்ஸ்போமர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பற்றரி மூடியைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டையையும் மெல்ல ஒரு தடவை, பலமாக ஒரு தடவை அடியுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் இருந்த கீபோர்ட்களில் கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர்த் தொடுப்பு கெட்டு, மெல்லத் தொட்டாலும் சில கட்டைகள் அலறும். ஒன்றிரண்டென்றால் திறந்து துடைத்துச் சரிசெய்யலாம்; பத்துக் கட்டை என்றால் விட்டுவிடுங்கள்.

அன்று அவர்கள் எடுத்தது இ373. கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மாணவி கண்ணை மூடி எண்ணினாள். தெருவில் சுமை தூக்கும் நாட்டாமைக்காரர்கள் கைவண்டி தள்ளிக்கொண்டு போன சத்தத்தில் ஒலி முடிந்த இடம் அவளுக்குத் தெரியவில்லை, இரண்டாம் தரமும் பிடித்தாள். வீட்டில் அதைச் சன்னலிலிருந்து தள்ளி வைத்து, வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூடச் சொன்னேன். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றி எறும்பு மருந்துக் கோடும் போடச் சொன்னேன். இளஞ்சூடான கீபோர்டுக்குள் எறும்பு முட்டையிட்டதை நானே என் கையால் திறந்து பார்த்திருக்கிறேன்.