முதல் 50 கிலோமீட்டர் மலையோட்டம்: கடைசி இருபதுக்குத் தயாராவது எப்படி?

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா என்றே அழைக்கப்படுகிறது. அந்தக் கணக்கின்படி 50 கி.மீ. என்பது மாரத்தானைவிட எட்டுக் கிலோமீட்டர்கூட அதிகமில்லை. இந்தக் கழித்தல் கணக்கை நம்பித்தான் நானும் கர்நாடகத்தின் சிக்கமகளூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நடந்த ஒரு மலையோட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். சமதளத்தில் மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடித்திருந்த கால்கள் அங்கே 50 கி.மீ.க்குப் பதினொன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டன. அதில் கடைசி 20 கி.மீ.க்கு மட்டும் ஆறு மணி நேரம் போயிற்று. முதல் 30 கி.மீ.யில் செய்த தவறுகளை வட்டியும் முதலுமாகக் கட்டித் தீர்த்த நேரம் அது. ஆகவே, முதன்முறை அல்ட்ராவுக்குப் போகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடிப் பழக வேண்டும் என்று கேட்பதைவிட, கடைசி இருபதில் எந்த நிலையில் இருக்கப் போகிறோம் என்பதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிப்பது நல்லது.

முதலில் தூரத்தை அளக்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஓர் எளிய விதியைச் சொன்னார்: சமதளத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 கி.மீ. நடக்கலாம்; ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும். அதாவது 100 மீட்டர் ஏற்றம் சமதளத்தின் 800 மீட்டருக்குச் சற்று மேலான தூரத்துக்குச் சமம். பாதையில் மொத்தம் 2,000 மீட்டர் ஏற்றம் இருந்தால், 50 கி.மீ. என்று சான்றிதழில் அச்சிடப்படும் தூரம் கால்களுக்கு 66 கி.மீ.யைத் தாண்டிவிடும். விதி நடப்பவர்களுக்கானது என்றாலும், முதல் அல்ட்ராவில் பாதிக்கு மேல் நடக்கத்தான் போகிறோம் என்பதால் நமக்கும் பொருந்தும். பெயர் கொடுப்பதற்கு முன்பே அமைப்பாளர்கள் தரும் மொத்த ஏற்றத்தையும், இதற்குள் கடந்தாக வேண்டும் என்று விதிக்கும் கட்-ஆஃப் நேரங்களையும் எடுத்துவைத்துக் கணக்குப் போடுங்கள். 12 மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் கிலோமீட்டருக்கு 14 நிமிடம் 24 நொடி கிடைக்கும். ஆனால் தண்ணீரும் தீனியும் தரும் ஆறு உதவி நிலையங்களில் தலா ஐந்து நிமிடம் நின்றாலே அது 13 நிமிடம் 48 நொடியாகச் சுருங்கிவிடும். நாற்காலி போட்டிருக்கும் நிலையத்தில் ஐந்து நிமிடம் என்பது கால் மணி நேரமாவதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

பயிற்சிக்கு வருவோம். ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஓட்டத்தைக் கெடுப்பதோ இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர, நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவை அன்றைய ஓட்டத்துக்குள் ஆறுவதில்லை. இருபதாவது கிலோமீட்டரில் உற்சாகமாகத் துள்ளி இறங்கிய எனக்கு, முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு சாதாரணச் சரிவில் இறங்க மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நல்லவேளையாக, இந்தத் தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஒருமுறை நன்றாக வலிக்கும் அளவுக்கு இறக்கப் பயிற்சி கொடுத்தால், பிறகு சில வாரங்களுக்கு அதே வேலை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆகையால் ஓட்ட நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு நீண்ட இறக்கப் பயிற்சி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்; கடைசி வாரத்தில் அதைச் செய்யக் கூடாது.

சமவெளியில் இருப்பவர்கள் இதற்கு எங்கே போவது? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ போக்குவரத்து தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஏறி இறங்கலாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு தமிழகக் காட்டுப் பாதைகளுக்கான அனுமதி விதிகள் இறுக்கப்பட்டுள்ளன. பயிற்சி என்ற பெயரில் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையக் கூடாது. திருத்தணியின் 365 படிகளும் பழனியின் 693 படிகளும் ஆசை காட்டும். ஆனால் அவை வழிபாட்டுக்கு வருபவர்களின் படிகள், காலணியோடு ஏறி இறங்கவும் முடியாது. மிஞ்சுவது அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுத்தான். பத்து மாடி என்றால் ஏறக்குறைய 30 மீட்டர். இருபது முறை ஏறினால் 600 மீட்டர். படியில் ஏறி லிஃப்டில் இறங்குகிறவர்கள் பயிற்சியின் பயனுள்ள பாதியை லிஃப்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மூட்டுக் கோளாறு இல்லாதவர்கள் படிகளில் இறங்கியே ஆக வேண்டும்.

மற்றபடி, ஏற்கெனவே அரை மாரத்தான் ஓடக்கூடியவருக்கு நான்கைந்து மாதப் பயிற்சி போதும். ஒரே நாளில் 45 கி.மீ. ஓடிப் பார்க்கத் தேவையில்லை. சனிக்கிழமை நான்கு மணி நேரமும், களைத்த காலோடு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் ஓடி நடந்து பழகுவது அதைவிடப் பாதுகாப்பானது. கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும்.

ஓட்ட நாளன்று முதல் மணி நேரத்தில்தான் பெரும்பாலான ஓட்டங்கள் கெடுகின்றன. இருட்டு, குளிர், கூட்டம், கன்னட நாட்டுத் தாளம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து கால்கள் தாமாகவே ஓடும். முதல் ஏற்றத்திலிருந்தே நடந்துவிட வேண்டும். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமல் இருப்பதற்காக நடப்பது வேறு. ஏற்றத்தில் முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று பொருள். நூறு பேர் முந்திப் போனாலும் போகட்டும். அவர்களில் சிலரை முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு பாறை மீது உட்கார்ந்திருக்கும் கோலத்தில் சந்திப்பீர்கள். என்னை அப்படித்தான் பலர் சந்தித்தார்கள். இறக்கத்தில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாயாமல், சிறு சிறு அடிகளாக, பார்வையை ஐந்தாறு அடி முன்னால் வைத்து இறங்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. முதல் அல்ட்ராவில் கால்களுக்கு முன்பே வயிறு கைவிட்டுவிடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சமதளத்தில் ஓடவே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 50 கி.மீ.க்கு 3,250 கலோரி. ஏற்றத்துக்கு அதற்கு மேலும் ஆகும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து தோராயமாக 2,000 கலோரிதான். கொழுப்பு ஓரளவு ஈடுகட்டினாலும், மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். பசிக்கக் காத்திராமல் முதல் முக்கால் மணி நேரத்திலேயே தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தில் ஒலி வைத்துச் சாப்பிடுவது நல்லது. நடுத்தர அளவுப் பச்சை வாழைப்பழத்தில் சுமார் 25 கிராமும், வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20 கிராமும் கிடைக்கும். பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழான ஜெல் நல்லதுதான், ஆனால் ஐந்தாவது மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அப்போது உப்பும் புளிப்பும்தான் இறங்கும். எலுமிச்சைச் சாதத்தைச் சிறு உருண்டைகளாகப் பிடித்துச் சின்னப் பையில் கட்டி எடுத்துப் போனவரிடம் ஓர் உருண்டை வாங்கித் தின்ற நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. எதுவானாலும் நீண்ட பயிற்சி ஓட்டங்களில் தின்று பார்த்ததாக இருக்க வேண்டும்.

அப்படியும் குமட்டினால், ஓடும்போது இரத்தம் கால்களுக்கும் தோலுக்கும் திருப்பப்பட்டு வயிற்றுக்குக் குறைந்துவிடுகிறது என்பதை நினைவில் கொண்டு, இருபது நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வாய் நனையும் அளவுக்கு மட்டும் குடித்து, பிறகு வெறும் உருளைக்கிழங்கில் தொடங்க வேண்டும். வாந்தி வந்துவிட்டால் பலருக்கு அதன்பின் வயிறு தெளிந்துவிடும்; வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் மருத்துவக் குழுவிடம் போய்விட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் தவறான அறிவுரைதான் அதிகம். தாகமெடுக்கும் முன்பே குடி, நிறையக் குடி என்பார்கள். வியர்வையில் போவதைவிட அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு இந்த நிலை இருந்தது. மோதிரம் இறுகுவது, விரல் வீங்குவது, தலைவலி, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைத் தாகம் என்று நினைத்து மேலும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடிப்பதே போதுமானது. ஓஆர்எஸ் எடுத்துச் செல்வதானால், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் மருந்துக்கடைப் பொட்டலமாக இருக்கட்டும். பழச்சாறு போல டப்பாவில் விற்பதெல்லாம் அதுவாகிவிடாது. வலிக்கு ஐபுபுரூஃபன் வகை மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. நீர் வற்றிச் சிறுநீரகத்துக்கு இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரத்தில், இருக்கும் இரத்த ஓட்டத்தையும் அது குறைத்துவிடும். அந்த மாத்திரையைப் பையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

காலணி அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பாதம் வீங்கும். விரல்களுக்கு இடையில் வாசலின் தடவி, மாற்றுக் காலுறை ஒரு சோடி எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டுச் சில வாரங்களே ஆன மலநாட்டில் (சிக்கமகளூரை உள்ளடக்கிய கர்நாடக மலைப் பகுதியில்) அட்டை ஏறுவது நிச்சயம். கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் சிறிது நேரம் வடியுமே தவிரப் பெரிய கெடுதல் இல்லை. நகத்தால் ஓரத்தில் நெம்பி எடுத்துவிட்டு நடையைத் தொடரலாம். அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் காட்டெருமைக்குப் பயப்படுவதில்லை என்பதுதான் விந்தை. தோட்டத்து ஓரத்தில் அதைக் கண்டால் நின்று, சத்தமில்லாமல் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருக்க வேண்டும்.

பையில் ஒரு மழைச்சட்டையும் மெல்லிய உலோகத்தாள் போர்வையும் விசிலும் தலைவிளக்கும் இருந்தே ஆக வேண்டும். வெயில் அடிக்கிறதே என்று முதலில் கழித்துக்கட்டப்படுவது மழைச்சட்டைதான். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலையோட்டத்தில் திடீரென வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் சிக்கி 21 ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். நம் மலைகளில் அவ்வளவு குளிர் இல்லாவிட்டாலும், களைத்து நடக்கும் உடல் போதிய வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நனைந்த பனியனோடு மாலைக் காற்றில் நின்றபோது என் பற்கள் தந்தியடித்தன.

இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ ஒரு கட்டத்தில், பெரும்பாலும் 32-க்கும் 40-க்கும் இடையில், எதற்கு வந்தோம் என்று தோன்றும். அந்த எண்ணத்தில் பாதி பசி. உட்கார்ந்துகொண்டு விலகும் முடிவை எடுக்கக் கூடாது. ஏதாவது தின்று, இருபது நிமிடம் நடந்துவிட்டு, அடுத்த நிலையத்தில் யோசிக்கலாம். மீதித் தூரத்தை எண்ணாமல் அடுத்த நிலையம் வரை மட்டும் எண்ணுவது எனக்கு உதவியது. ஆனால் எல்லா வலியையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இரு தொடைகளும் ஒரே மாதிரி வலித்தால் அது களைப்பு. ஒரு காலில் ஒரே புள்ளியில் குத்தி, நொண்ட வைத்தால் அது காயம். நெஞ்சுவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கோலா நிறத்தில் சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. கோலா நிறம் என்பது சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தில் இறங்குகிறது என்பதற்கான அடையாளம். மறுநாள் தெரிந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் படுத்துவிடாமல் பத்து நிமிடம் நடந்து, உலர்ந்த உடைக்கு மாறி, அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். அன்றிரவே சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணம் வேண்டாம். இரண்டு நாட்களுக்குப் படியில் பின்பக்கமாக இறங்குவதே வசதியாக இருக்கும். தொடைவலி முழுதாகப் போகும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், ஓட வேண்டாம். கறுத்துப்போன கால்விரல் நகத்தைப் பிய்க்காமல் விட்டால் சில வாரங்களில் அதுவாகவே விழுந்துவிடும். பெருவிரலில் புதிய நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேலாகும்.