சூப்பர்சார்ஜர் எத்தனை எச்பி தின்கிறது? தெர்மோகப்பிள் வைத்தே கணக்குப் போடலாம்

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் போட்டால் எத்தனை எச்பி கூடும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், அது ஓடுவதற்கே எத்தனை எச்பி போகும் என்று கேட்பவர் குறைவு. டர்போவாவது வெளியே போகிற புகையில் சுற்றுகிறது. இது கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டு எஞ்சினிடமே நேராக வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு என்று பார்க்க டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் மெஷின்) தேடி அலைய வேண்டாம். பெல்ட் கொடுக்கிற வேலை கிட்டத்தட்ட முழுவதும் காற்றில் சூடாகத்தான் போய்ச் சேர்கிறது, அதனால் உள்ளே போகும் காற்றின் சூடும் வெளியே வரும் காற்றின் சூடும் தெரிந்தால் போதும்.

முதலில் காற்றின் எடை. 2 லிட்டர் எஞ்சின், 6000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு 2 லிட்டர், ஆக நொடிக்கு 100 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, 90 என்று போடுங்கள். 7 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 1.5 மடங்கு. இன்டர்கூலரை (சூடான காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) தாண்டி 55 டிகிரியில் காற்று வந்தால் நொடிக்கு 0.145 கிலோ.

அப்புறம் சூடு. உள்ளே போவது 35 டிகிரி, அதாவது 308 கெல்வின் (மே மாதப் புதுச்சேரியில் பானட்டுக்குள் இது எஞ்சினுக்குக் காட்டும் சலுகை). 1.5-ஐ 0.286 அடுக்குக்கு (காற்றுக்கான எண் இது) உயர்த்தினால் 1.123. ஒன்றைக் கழித்து 308-ஆல் பெருக்கினால் 38 டிகிரி. குறையே இல்லாத கம்ப்ரஸர் காற்றை இவ்வளவுதான் சூடேற்றும். உங்கள் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) 69 டிகிரி ஏற்றம் காட்டினால் 38-ஐ 69-ஆல் வகுங்கள்: திறன் 55 சதவீதம். தின்னும் சக்தி 0.145 × 1.005 (ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஆகும் கிலோஜூல்) × 69, அதாவது 10 கிலோவாட், சுமார் 13.5 எச்பி. பேரிங்கும் பெல்ட்டும் எடுப்பது இதற்கு மேல்.

55 என்பது பழைய ரூட்ஸ் வகைக்குச் சகஜமான எண். ரூட்ஸ் உள்ளே காற்றை அமுக்குவதே இல்லை, அள்ளிக் கொண்டுபோய் மேனிஃபோல்டில் கொட்டுகிறது, அங்கே ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று திரும்பி அதன்மேல் பாயும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது, கூடவே வீண் சூடும். சிப்காட் பக்கம் கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊதும் ட்வின் லோப் ப்ளோயரும் இதே ஜாதிதான். வெளிவால்வை லேசாக மூடினால் அழுத்தமானி ஏற ஏற அம்மீட்டர் முள்ளும் கூடவே ஏறும், குழாயில் கை வைக்க முடியாது. ஸ்க்ரூ வகை உள்ளேயே அமுக்கிவிடும், 75 சதவீதம் கிடைத்தால் இதே வேலைக்கு 10 எச்பிதான். கவாசாகி எச்2 பைக்கில் இருப்பது சென்ட்ரிஃபியூகல், விசிறிபோல் சுழன்று காற்றை வெளிப்புறம் எறியும் வகை. காற்றை அவ்வளவாகச் சூடேற்றாததால் இன்டர்கூலரே வைக்கவில்லை.

தெர்மோகப்பிள் மெல்லிய கே டைப்பாக இருக்கட்டும். ஒன்று ஏர் ஃபில்டருக்குப் பின்னால், இன்னொன்று சார்ஜரிலிருந்து காற்று வெளிவரும் வாயிலேயே, இன்டர்கூலருக்கு முன்னால். நுனி உலோகத்தில் படக்கூடாது, காற்றில் நிற்க வேண்டும். கம்பெனி சென்சார் பெரும்பாலும் இன்டர்கூலருக்கு அப்புறம் இருக்கும், அது இந்தக் கணக்குக்கு உதவாது. டிராஃபிக்கில் நின்ற உடனே அளக்காதீர்கள், சார்ஜரின் ஹவுசிங் சூடேறி எண் பொய் சொல்லும். இரண்டாம் கியரில் 4000 ஆர்பிஎம் வரை முழு த்ராட்டில் போனாலே விவரம் வந்துவிடும் (காற்றின் எடையை அந்த ஆர்பிஎம்முக்குப் போடுங்கள்), இதற்காக ஈசிஆரில் பறக்க வேண்டியதில்லை.

பிஒய் நம்பரில் ஒரு பழைய மெர்சிடிஸ் கொம்ப்ரஸர் வாங்கியவர் அடுத்து கேட்பது சின்ன புல்லி போடலாமா என்றுதான். சின்ன புல்லி சார்ஜரை வேகமாகச் சுற்றி பூஸ்டைக் கூட்டும். மேலே சொன்ன அதே எஞ்சினில் அழுத்தத்தை 1.5 மடங்கிலிருந்து 2 மடங்காக்கிப் பாருங்கள். ரூட்ஸின் திறன் 50-க்கு இறங்கியது என்று வைத்தால் காற்று 170 டிகிரியில் வெளியே வரும், இன்டர்கூலர் அதை 65-க்கு இறக்கினாலும் சார்ஜர் 35 எச்பி வாங்கும். பூஸ்ட் இரண்டு மடங்கு, செலவு இரண்டரை மடங்கு. பெரிய இன்டர்கூலருக்கு இடமில்லாத வண்டியில் நான் புல்லியைத் தொடமாட்டேன்.