ரோபோவின் கண்ணுக்குப் பயிற்சி: எங்கே சறுக்குகிறோம்?

ரோபோ பார்வை ஆய்வில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த மாடலை எடுக்கலாம்?" என்றுதான். மாடல் என்றால், படங்களைப் பார்த்துப் பொருள்களை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும் நிரல். அதில் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாதக்கணக்கான உழைப்பைத் தின்பவை டேட்டாவைப் பிரித்த விதம், கேமராக் கணக்கு, சோதித்த முறை ஆகியவை. கணினியில் 98 சதவீதத் துல்லியம் காட்டிய மாடல் மேசையில் இருக்கும் கோப்பையைத் தட்டிவிடுகிறது என்றால், இந்த மூன்றில் ஒன்றைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

டேட்டாவிலிருந்து தொடங்குவோம். ரோபோவுக்குப் படங்கள் வீடியோவாகத்தான் வருகின்றன. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே 33 மில்லி நொடிதான் இடைவெளி. அதற்குள் காட்சியில் என்ன பெரிதாக மாறிவிடும்? எல்லா ஃபிரேம்களையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கி, 80 சதவீதம் பயிற்சிக்கு, மீதி சோதனைக்கு என்று பிரித்தால், சோதனைப் படம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டைப் பிறவி பயிற்சிப் பக்கம் உட்கார்ந்திருக்கும். கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியான பரீட்சையில் மார்க் வருவதற்குக் கேட்க வேண்டுமா?

முழு வீடியோவாகப் பிரிப்பதுதான் சரி. பொருள்களின் இடத்தையும் சாய்வையும் கணிக்கப் பலரும் பயன்படுத்தும் ஒய்சிபி-வீடியோ டேட்டாசெட்டில் 92 வீடியோக்கள் உண்டு. 80 பயிற்சிக்கு, 12 சோதனைக்கு. ஆனால் அதிலும் இரு பக்கமும் இருப்பவை அதே 21 பொருள்கள்தான். ஆகவே அதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு "எங்கள் மாடல் புதுப் பொருளையும் கண்டுபிடிக்கும்" என்று எழுதக் கூடாது. புது அறையில் வேலை செய்யும் என்று சொல்லப் போகிறீர்களா, அறை வாரியாகப் பிரியுங்கள். புதுப் பொருள் என்றால் பொருள் வாரியாக. என்ன சொல்லப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் டேட்டாவில் கை வைக்க வேண்டும்.

ஒழுங்காகப் பிரித்தாலும் மெத்தனம் ஆகாது. 2019-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாடல்களுக்குப் பயிற்சி தரப் பலரும் பயன்படுத்தும் இமேஜ்நெட் என்ற இணையப் படத் தொகுப்புக்கு முதலில் படம் சேர்த்த அதே முறையைப் பின்பற்றிப் புதிய சோதனைப் படங்களைத் திரட்டினார்கள். மாடல்களின் துல்லியம் 11 முதல் 14 சதவீதப் புள்ளி வரை இறங்கியது. அதே மாதிரி இணையப் படங்களுக்கே அந்தக் கதி என்றால், உங்கள் ஆய்வகத்துக் குழல்விளக்குக்குக் கீழே என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேமராக் கணக்கு. வெறும் படத்தில் "இது பூனை" என்று சொல்லும் மாடலுக்குப் படத்தின் ஓரத்தை வெட்டினாலும் சுருக்கினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ரோபோ கை நீட்ட வேண்டும், அதற்குப் பிக்சலைச் சென்டிமீட்டராக மாற்ற வேண்டும். 640×480 படம், குவியத் தூரம் 600 பிக்சல், பொருள் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடலுக்குத் தோதாக இருக்கட்டும் என்று படத்தின் இடது ஓரத்தில் 20 பிக்சல் வெட்டிவிட்டு, கணக்கில் இருக்கும் படத்தின் மையப் புள்ளியைத் திருத்த மறந்தால், கை 2 செ.மீ. இடப்பக்கம் போகும். திரையில் மாடல் வரையும் பெட்டி அழகாகக் கோப்பையைச் சுற்றித்தான் விழும். ஆனால் பொருளைப் பிடிக்கும் ரோபோவின் விரல்கள், அதாவது கிரிப்பர், கைப்பிடியைத் தவறவிடும். எல்லோரும் கிரிப்பரைத் திட்டுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பொருளை 1.2 மீட்டருக்குத் தள்ளி வைத்துப் பார்ப்பதுதான். பிழை 4 செ.மீ. ஆகிவிட்டால், கேமராக் கணக்கிலோ கேமராவின் கோணத்திலோ கோளாறு. தூரம் மாறியும் பிழை அதே அளவில் நின்றால், கேமரா பொருத்தியிருக்கும் இடத்தைத் தப்பாக அளந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதில் தூரத்தைக் காட்டும் டெப்த் படத்தைச் சாதாரணப் படம் போலவே சுருக்குவது இன்னொரு கூத்து. கோப்பையின் விளிம்பு 60 செ.மீ.யில், பின்சுவர் 2 மீட்டரில். பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுத்துச் சுருக்கினால் 1.3 மீட்டரில், எதுவுமே இல்லாத இடத்தில், ஒரு புள்ளி முளைக்கும். சராசரி எடுக்காமல் அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். பல டெப்த் கேமராக்களில் சுழியம் என்றால் "அளக்க முடியவில்லை" என்று பொருள். கண்ணாடி டம்ளரையும் பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தையும் வைத்தால் இந்த ஓட்டைகளுக்குப் பஞ்சமே இருக்காது. அதைச் சுழியம் தூரம் என்று மாடலுக்கு ஊட்டாதீர்கள்.

படங்களைக் கையாளப் பலரும் பயன்படுத்தும் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கும்; முன்பயிற்சி பெற்ற மாடல்களில் பெரும்பாலானவை சிவப்பு முதலில் வரும் என்று எதிர்பார்க்கும். பழைய கதைதான், இன்னும் நடக்கிறது. அதேபோல் டேட்டாவைப் பெருக்கப் படத்தை இடம் வலமாகத் திருப்பினால் "இடது கைப்பிடி" என்ற குறிப்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

கடைசியாக, சோதித்த முறை. 10 தடவையில் 9 தடவை தூக்கியது, ஆகவே 90 சதவீதம் வெற்றி என்று எழுதுவார்கள். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்வதானால், உண்மையான வெற்றி விகிதம் சுமார் 55-இலிருந்து 99-க்கு மேல் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய மாடல் 8, புது மாடல் 9 என்றால் அது முன்னேற்றம் ஆகாது. குறைந்தது 100 தடவையாவது ஓட்டுங்கள். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது. ஓட்டும்போதும் காலையில் பழைய மாடல், மாலையில் புது மாடல் என்று வைக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் மாறியிருக்கும், கிரிப்பரின் ரப்பரும் தேய்ந்திருக்கும். இரண்டையும் மாறி மாறி ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் பொருளை வைக்கும் இடத்தை முன்கூட்டியே சீட்டுப் போட்டு முடிவு செய்து, எந்த மாடலின் முறை என்று தெரியாத ஒருவரை வைக்கச் சொல்லுங்கள்.